தூண்டில் எட்டும் தூரத்தில் ஒரு சோதனை

(ஜுமுஆ உரையின் எழுத்து வடிவம்)

எல்லாப் புகழும் அகிலங்களின் இரட்சகனாகிய அல்லாஹ்வுக்கே. அவனையே புகழ்கிறோம், அவனிடமே உதவி தேடுகிறோம், அவனிடமே பாவமன்னிப்புக் கேட்கிறோம். அவனுடைய தூதர் முஹம்மது (ஸல்) அவர்கள் மீதும், அவர்களுடைய குடும்பத்தார், தோழர்கள் மீதும் ஸலவாத்தும் ஸலாமும் உண்டாகட்டும். அம்மா பஃது.

கண்ணியத்திற்குரிய அல்லாஹ்வின் நல்லடியார்களே! முதலில் எனக்கும், பிறகு உங்களுக்கும் நான் செய்யும் உபதேசம் தக்வா. மக்கள் மத்தியிலும் தனிமையிலும், கரையிலும் கடலிலும் அல்லாஹ்வை அஞ்சிக்கொள்ளுங்கள்.

கடலிலும் என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. ஜூலை பிறந்துவிட்டது. இந்தப் பியூஜெட் சவுண்ட் கரை முழுவதும் சால்மன் பருவம். எட்மண்ட்ஸ் மீன்பிடி மேடையில் விடியும் முன்பே தூண்டிலோடு வரிசையாக ஆட்கள் நிற்கிறார்கள். பாயிண்ட் நோ பாயிண்ட் கலங்கரை விளக்கத்தின் அருகே முழங்கால் தண்ணீரில் நின்று தூண்டில் வீசுகிறார்கள். நம் சகோதரர்களும் அவர்களில் இருக்கிறார்கள். காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் அதிராம்பட்டினத்திலும் கடலைப் பார்த்து வளர்ந்துவிட்டு, வேலைக்காக சியாட்டில் பக்கம் வந்தவர்களுக்கு இந்தத் தண்ணீரைப் பார்த்ததும் கை சும்மா இருக்காது. சிலர் படகே வாங்கிவிட்டார்கள். பாரகல்லாஹ்.

"மீன் பிடிப்பதைப் பற்றி மிம்பரில் பேச வேண்டுமா ஹஜ்ரத்?" என்று நீங்கள் கேட்கலாம். குர்ஆனே பேசியிருக்கிறது. ஒரு முறை அல்ல, பல முறை.

கடலின் உணவு நிஃமத்

கடலில் வேட்டையாடுவதும் அதன் உணவும் நமக்கும் பயணிகளுக்கும் ஹலாலாக்கப்பட்டிருப்பதை அல்மாயிதா அத்தியாயத்தின் 96-ஆம் வசனம் கூறுகிறது. ஹஜ்ஜுக்காக இஹ்ராம் கட்டியவர் தரையில் வேட்டையாட முடியாது. ஆனால் கடலில் மீன் பிடிக்கலாம். அவ்வளவு விசாலமான அனுமதி. அபூ உபைதா (ரலி) அவர்களின் தலைமையில் சென்ற முந்நூறு பேர் கொண்ட படை பசியால் இலைகளைத் தின்னும் நிலைக்கு வந்தபோது, கடல் ஒரு பிரம்மாண்டமான மீனைக் கரையில் ஒதுக்கியது. அவர்கள் நாட்கணக்கில் அதைச் சாப்பிட்டார்கள். மதீனா திரும்பியபின், அதில் மீதி இருக்கிறதா என்று கேட்டு நபி (ஸல்) அவர்களும் சாப்பிட்டார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவான சம்பவம் இது.

ஆகவே சகோதரர்களே, பிள்ளைகளை அழைத்துக்கொண்டு கடலுக்குப் போவதையும், பிடித்த மீனை வீட்டில் ஆக்கிச் சாப்பிடுவதையும் நான் குறை சொல்ல வரவில்லை. அதில் படிப்பினையும் இருக்கிறது. நீங்கள் பிடிக்கும் அந்த சால்மன் யார் தெரியுமா? ஆற்றுக் கூழாங்கற்களுக்கு நடுவே முட்டையிலிருந்து வந்தது. கடலுக்குப் போய் ஆண்டுக்கணக்கில் சுற்றியது. இப்போது தான் பிறந்த அதே ஆற்றைத் தண்ணீரின் வாசனையைக் கொண்டே கண்டுபிடித்துத் திரும்பிக்கொண்டிருக்கிறது. ஆற்றுக்குள் நுழைந்தபின் உண்ணாது. ஒரே ஒரு முறை முட்டையிடும், பிறகு இறந்துவிடும். அதன் உடல்கூட அந்த ஆற்றுக்கும் காட்டுக்கும் உணவாகும். வழி காட்டியவன் யார்? ஸுப்ஹானல்லாஹ்!

கோடைக் காலத்தில் இந்தக் கரையோரத் தண்ணீரில் நம் தூண்டிலுக்கு எதிர்ப்படும் மீன்களில் பல, ஊர் திரும்பும் வழியில் இருக்கும் பயணிகள். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு சின்னச் செட்டை

இந்தப் பயணிகள் குறைந்துபோய்விட்டார்கள். அணைகள், அழிந்த ஆற்றங்கரைகள், சூடேறும் தண்ணீர், மிதமிஞ்சிய மீன்பிடிப்பு எனக் காரணங்கள் பல. பியூஜெட் சவுண்டின் சினூக் சால்மன் 1999-இலேயே அழியும் அபாயத்தில் உள்ள இனமாக அமெரிக்கச் சட்டத்தில் சேர்க்கப்பட்டது. இந்த சினூக்கை முக்கிய உணவாகக் கொண்டு வாழும் தெற்குக் கூட்டத்து ஓர்கா திமிங்கிலங்கள் இன்று நூறுகூட இல்லை.

அதனால் ஓர் ஏற்பாடு செய்தார்கள். பொரிப்பகங்களில் வளர்க்கும் குஞ்சுகளைக் கடலுக்கு விடுவதற்கு முன், முதுகில் வாலுக்குச் சற்று முன்னால் இருக்கும் சதைபோன்ற சின்னச் செட்டையை வெட்டிவிடுகிறார்கள். பெரிய மீனாகத் திரும்பி வரும்போது அந்த இடத்தில் ஆறிய தழும்பு மட்டும் இருக்கும். செட்டை இல்லையென்றால் பொரிப்பக மீன்; எடுத்துக்கொள்ளலாம். செட்டை இருந்தால் ஆற்றில் பிறந்த மீன். கோடையில் பல பகுதிகளில் அந்த சினூக்கைத் தண்ணீரிலேயே விட்டுவிட வேண்டும், படகுக்குள் ஏற்றவே கூடாது. தூண்டில் முள்ளில் பின்னோக்கி நிற்கும் சிறு கூர் இருக்கக் கூடாது என்பதும் இதற்காகத்தான். முள் இலேசாகக் கழன்று வர வேண்டும்.

இப்போது யோசித்துப் பாருங்கள். நடுக்கடல். காலை ஐந்தரை மணி. பக்கத்துப் படகு கூப்பிடு தூரத்தில்கூட இல்லை. இரண்டு மணி நேரம் காத்திருந்தபின் ஒரு மீன். வலைக்குப் பக்கத்தில் வந்து புரள்கிறது. கட்டைவிரல் நகம் அளவுள்ள ஒரு செட்டை இருக்கிறதா இல்லையா? அதைப் பார்ப்பது உங்கள் கண் மட்டும்தான்.

அல்லாஹ் சொன்ன அதே சோதனை

அல்மாயிதா அத்தியாயத்தின் 94-ஆம் வசனத்தில் அல்லாஹ் ஈமான் கொண்டவர்களை அழைத்து, உங்கள் கைகளும் ஈட்டிகளும் எட்டும் தூரத்தில் வேட்டைப் பிராணிகளைக் கொண்டே உங்களைச் சோதிப்பேன் என்ற கருத்தில் அறிவிக்கிறான். ஏன்? மறைவில் அவனை அஞ்சுபவர் யார் என்பது வெளிப்படுவதற்காக. ஹுதைபிய்யா ஆண்டில் ஸஹாபாக்கள் இஹ்ராமில் இருந்தபோது, பிராணிகள் கூடாரங்களைச் சுற்றி அவர்கள் கைக்கெட்டும் தூரத்தில் வந்ததாக தஃப்ஸீர் ஆசிரியர்கள் எழுதுகிறார்கள். கை நீட்டினால் போதும். ஆனால் அவர்கள் கையை நீட்டவில்லை.

எட்டாத தூரத்தில் இருப்பதை விடுவதற்கு தக்வா தேவையில்லை. வலைக்குள் வந்ததை விடுவதற்குத்தான் தக்வா தேவை.

ஒரு சகோதரரின் கேள்வி

சென்ற கோடைக்குப் பிறகு நம் சகோதரர் ஒருவர் என்னிடம் வந்தார். அவருடைய அனுமதியோடுதான் சொல்கிறேன், யாரென்று தேடாதீர்கள். அவர் பத்து வயது மகனோடு படகில் போயிருந்தார். பெரிய சினூக் ஒன்று மாட்டியது. மகன்தான் கைவலையைப் பிடித்திருந்தான். பார்த்தால் செட்டை இருக்கிறது. விட வேண்டிய மீன். ஆனால் முள் செவுளில் ஏறி இரத்தம் வடிந்துகொண்டிருந்தது.

"எப்படியும் சாகப் போகிறது ஹஜ்ரத், வீணாகப் போவதைவிட எடுத்துக்கொள்ளலாம் என்று தோன்றியது" என்றார். படகில் ஏற்றினார். அதோடு நிற்கவில்லை. கத்தியை எடுத்து அந்தச் செட்டையைச் சீவினார். பிடித்த மீனைப் பதியும் கார்டில் முறையான மீனைப் போலவே எழுதினார். மகன் கேட்டான்: "அத்தா, அதை விட்டுரணும்னு நீங்கதானே சொன்னீங்க?" இவர் சொன்னார்: "பரவாயில்லப்பா, யாரும் பார்க்கல."

அன்று படகுத்துறையில் சோதிக்க யாரும் இல்லை. மீன் வீட்டுக்கு வந்தது, உறைபெட்டிக்குள் போனது. அங்கேயே கிடந்தது. அவரால் அதை வெளியே எடுக்க முடியவில்லை. பிறகுதான் என்னிடம் வந்து கேட்டார்: "அந்த மீன் ஹலாலா?"

நான் சொன்னேன்: "தம்பி, கடல் மீன் என்ற வகையில் அதன் இறைச்சி ஹலால்தான். கடல் தண்ணீர் தூய்மையானது, அதில் செத்ததும் ஹலால் என்று நபி (ஸல்) அவர்கள் அறிவித்துவிட்டார்கள். ஆனால் நீங்கள் கேட்க வேண்டியது மீனைப் பற்றி அல்ல. லைசென்ஸ் வாங்கும்போது நிபந்தனைகளை ஏற்றுக்கொண்டீர்கள். முஸ்லிம்கள் தாங்கள் ஏற்ற நிபந்தனைகளைக் காப்பவர்கள் என்பது ஹதீஸின் போதனை. வாக்கை முறித்தீர்கள். கத்தியால் பொய் சொன்னீர்கள், பேனாவால் பொய் சொன்னீர்கள். கடைசியில் உங்கள் மகனிடம் ஒரு வார்த்தை சொன்னீர்கள். அதுதான் எனக்கு மிகவும் கனமாகத் தெரிகிறது."

சகோதரர்களே, லுக்மான் (அலை) அவர்கள் தம் மகனுக்குச் சொன்னதை நினைத்துப் பாருங்கள். ஒரு செயல் கடுகு மணி அளவே இருந்தாலும், அது பாறைக்குள் இருந்தாலும், வானங்களில் அல்லது பூமியில் எங்கிருந்தாலும் அல்லாஹ் அதைக் கொண்டுவந்துவிடுவான் என்று கற்றுக்கொடுத்தார்கள். அந்தத் தந்தை மகனுக்குக் கொடுத்த பாடம், பார்ப்பவன் இருக்கிறான் என்பது. இந்தத் தந்தை மகனுக்குக் கொடுத்த பாடம், யாரும் பார்க்கவில்லை என்பது. ஞாயிற்றுக்கிழமை மதரஸாவில் ஓராண்டு நாம் கட்டியதை, படகில் ஒரே வார்த்தை இடித்துவிட்டது.

சனிக்கிழமை மீன்கள்

"எப்படியும் சாகத்தானே போகிறது" என்ற வாதத்தைக் கொஞ்சம் பார்ப்போம். கேட்பதற்கு நியாயமாக இருக்கிறது, இல்லையா? தந்திரங்கள் எல்லாமே கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கும்.

அல்அஃராஃப் அத்தியாயத்தில் 163-ஆம் வசனத்திலிருந்து ஒரு கடற்கரை ஊரின் வரலாறு வருகிறது. அவர்களுக்குச் சனிக்கிழமை மீன் பிடிக்கத் தடை. அல்லாஹ்வின் சோதனை எப்படி இருந்தது? சனிக்கிழமை மீன்கள் தண்ணீரின் மேலே தலைகாட்டிக் கூட்டமாக வந்தன. மற்ற நாட்களில் வரவில்லை. சில பேர் யோசித்தார்கள். வெள்ளிக்கிழமையே வலையையும் குழிகளையும் தயார் செய்தார்கள். சனிக்கிழமை மீன் தானாக வந்து மாட்டிக்கொள்ளும். ஞாயிற்றுக்கிழமை போய் எடுத்துக்கொள்வார்கள் என்று முஃபஸ்ஸிர்கள் விளக்குகிறார்கள். சனிக்கிழமை கை தண்ணீரில் படவே இல்லையே! எழுத்துப்படி பார்த்தால் குற்றமே இல்லை. ஆனால் அல்லாஹ் எழுத்தை மட்டுமா பார்க்கிறான்?

அவர்களுடைய கையில் வலை இருந்தது. நம் சகோதரரின் கையில் கத்தி இருந்தது. செட்டை இல்லாத மீனை எடுக்கலாம் என்பது சட்டம். அவர் செட்டை இல்லாத மீனாக ஆக்கிக்கொண்டார். ஆறிய தழும்புக்கும் புதிதாக வெட்டிய காயத்துக்கும் வித்தியாசம் அவருக்கே தெரியும்.

"சாகும் மீனை எடுக்கலாம்" என்று அனுமதித்தால் என்ன ஆகும்? நாளை எல்லா மீனும் சாகும் மீனாகிவிடும். முள்ளை மெதுவாகக் கழற்றுவதில் யாருக்கும் அக்கறை இருக்காது. விட்ட மீன் செத்தாலும் வீணாகாது. நீர்நாயும் நண்டும் கடற்காகமும் அல்லாஹ்வின் படைப்புகள்தான், அவற்றுக்கும் ரிஸ்க் அங்கேதான் வைக்கப்பட்டிருக்கிறது. உங்கள் தட்டுக்கு வராதது எல்லாம் வீண் என்று நினைக்காதீர்கள்.

அந்த ஊரில் மூன்று கூட்டத்தார் இருந்தார்கள் என்பதையும் மறக்காதீர்கள். வரம்பு மீறியவர்கள், தடுத்தவர்கள், "இவர்களுக்கு ஏன் உபதேசம் செய்கிறீர்கள்" என்று கேட்டு ஒதுங்கியவர்கள். தீமையைத் தடுத்தவர்களைக் காப்பாற்றியதாக அல்லாஹ் அறிவிக்கிறான். படகில் உங்கள் நண்பர் செட்டையுள்ள மீனை ஐஸ் பெட்டிக்குள் தள்ளும்போது, நீங்கள் எந்தக் கூட்டத்தில் இருக்கிறீர்கள்?

அப்படியானால் அல்லாஹ் எங்கே?

இப்னு உமர் (ரலி) அவர்கள் ஒரு முறை பயணத்தில் ஆடு மேய்க்கும் ஓர் அடிமையைச் சந்தித்தார்கள். அவரைச் சோதிப்பதற்காக, ஓர் ஆட்டை எங்களுக்கு விற்றுவிடு, எஜமானர் கேட்டால் ஓநாய் தின்றுவிட்டது என்று சொல்லிவிடு என்றார்கள். அந்த மேய்ப்பர், அப்படியானால் அல்லாஹ் எங்கே என்று திருப்பிக் கேட்டார். இப்னு உமர் (ரலி) அழுதார்கள். பிறகு அவரை விலைக்கு வாங்கி விடுதலை செய்தார்கள்.

அங்கே ஓநாய். இங்கே கடல்நாய். தூண்டிலில் மாட்டிய சால்மனை கடல்நாய் பறித்துக்கொண்டு போவது இந்தத் தண்ணீரில் வழக்கம்தான். அதனால் பொய் சொல்வதும் சுலபம்.

படகுத்துறையில் மீன்வளத் துறையின் பணியாளர் ஒருவர் சில நாட்களில் நிற்பார். எத்தனை பேர் போனீர்கள், எத்தனை பிடித்தீர்கள், எத்தனை மீனைத் திரும்ப விட்டீர்கள், அவற்றில் செட்டை உள்ளவை எத்தனை என்று கேட்பார். ஐஸ் பெட்டியில் இருப்பதை அவர் எண்ணிவிடுவார். திரும்ப விட்டதை அவரால் எண்ண முடியாது. உங்கள் வார்த்தைதான் கணக்கு. அப்படிச் சேர்ந்த கணக்கை வைத்துத்தான் பருவம் தொடரலாமா, மூட வேண்டுமா என்று முடிவு செய்கிறார்கள். சினூக் பருவம் சில பகுதிகளில் சில நாட்களிலேயே மூடப்படுவது உண்டு. "உண்மையைச் சொன்னால் சீக்கிரம் மூடிவிடுவார்கள்" என்று குறைத்துச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். நீங்கள் அவர்களில் ஆகிவிடாதீர்கள். அது சாட்சியம். தனக்கே பாதகமாக இருந்தாலும் நீதியோடு சாட்சி சொல்ல வேண்டும் என்பது அந்நிஸா அத்தியாயத்தின் கட்டளை.

இதைக் கூறி, எனக்காகவும் உங்களுக்காகவும் அல்லாஹ்விடம் பாவமன்னிப்புத் தேடுகிறேன். நீங்களும் தேடுங்கள். அவன் மிக்க மன்னிப்பவன்.

இரண்டாம் குத்பா

அல்ஹம்து லில்லாஹ், வஸ்ஸலாத்து வஸ்ஸலாமு அலா ரஸூலில்லாஹ்.

கண்ணியத்திற்குரியவர்களே! கடலுக்குப் போகிறவர்களுக்கு நான்கு விஷயங்களைச் சொல்லி முடிக்கிறேன்.

முதலாவது, தொழுகை. வேட்டையின் பின்னால் அலைபவன் பராமுகமாகிவிடுவான் என்ற கருத்தில் ஹதீஸ் வந்திருக்கிறது. இந்தக் கோடையில் சூரியன் ஐந்தரைக்கு முன்பே உதித்துவிடுகிறது. முதல் வெளிச்சத்தில் மீன் கடிக்கும் என்று மூன்றரைக்கு அலாரம் வைக்கிறோம். அது ஃபஜ்ருடைய நேரம். மீனுக்காக எழுந்த கண், தொழுகைக்கு எழாமல் போனால் மறுமையில் என்ன பதில் சொல்லும்? தொழுதுவிட்டுப் படகை இறக்குங்கள். வெள்ளிக்கிழமை என்றால் நண்பகலுக்கு முன் கரை ஏறிவிடுங்கள்.

இரண்டாவது, அறிவு. சினூக்குக்கு ஈறு கறுப்பு, வாலின் மேல் பாதியிலும் கீழ்ப் பாதியிலும் புள்ளிகள் இருக்கும். கோஹோவுக்குப் பற்கள் முளைக்கும் ஈறு வெளுத்திருக்கும், புள்ளிகள் வாலின் மேல் பாதியில்தான். எந்தப் பகுதியில், எந்த நாளில், எந்த மீன் அனுமதி என்பது ஆண்டுதோறும் மாறுகிறது, பருவத்தின் நடுவிலும் மாறுகிறது. போகும் அன்றே பாருங்கள். தெரியாது என்பது, தெரிந்துகொள்ள வழி இருப்பவனுக்குச் சாக்கு ஆகாது.

மூன்றாவது, இஹ்ஸான். அறுக்கும்போதும் பிராணிக்கு இதமாக நடக்கச் சொன்ன மார்க்கம் இது. உயிருள்ளதை விளையாட்டுக்கு இலக்காக்குவதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். விட வேண்டிய மீனைத் தண்ணீரிலேயே வைத்துக் குறடால் முள்ளைக் கழற்றுங்கள். போட்டோ எடுப்பதற்காக அதைத் தூக்கிப் பிடித்து மூச்சுத் திணற வைக்காதீர்கள். எடுத்துக்கொள்ளும் மீனைத் துடிக்கவிடாமல் உடனே முடித்து ஐஸில் வையுங்கள். உணவுக்குப் போதுமானது கிடைத்துவிட்டால் தூண்டிலைச் சுருட்டுங்கள். சாப்பிடும் எண்ணமே இல்லாமல், முள்ளில் குத்தி விடுவதையே பொழுதுபோக்காக்குவதை நான் உங்களுக்கு விரும்பவில்லை.

நான்காவது, மற்றவர்களின் ஹக்கு. "பூர்வகுடிகள் வலை போட்டு எல்லாவற்றையும் அள்ளிவிடுகிறார்கள், நமக்கு மட்டும் சட்டமா?" என்று சில பேர் பேசுகிறார்கள். 1850-களில் அவர்கள் நிலத்தை விட்டுக்கொடுத்தபோது மீன்பிடி உரிமையைத் தங்களுக்கு வைத்துக்கொண்டு ஒப்பந்தம் செய்தார்கள். 1974-இல் நீதிபதி போல்ட் வழங்கிய தீர்ப்பு, பிடிக்கக்கூடிய மீனில் பாதி அவர்களுடைய பங்கு என்று உறுதி செய்தது. ஒவ்வொரு வசந்தத்திலும் அவர்களும் மாநில அரசும் உட்கார்ந்து பேசித்தான் நம் பருவம் முடிவாகிறது. ஒப்பந்தத்தை மதிப்பது நம் தீன். நமக்குக் கிடைக்கும் மீனும் அந்த ஒப்பந்தத்தின் வழியாகவே வருகிறது.

அந்தச் சகோதரர் என்ன செய்தார் என்று கேட்பீர்கள். வீட்டுக்குப் போய் மகனை உட்கார வைத்து, "அத்தா செய்தது தப்பு, சொன்னதும் தப்பு, அல்லாஹ் பார்த்தான்" என்று சொன்னார். பிறகு துறைக்குத் தானே எழுதி ஒப்புக்கொண்டார். அபராதம் வந்தால் கட்டுகிறேன் என்றார். ஒரு தந்தை மகன் முன்னால் தலைகுனிவது எளிதான காரியம் அல்ல. மகன் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லையாம். பிறகு சொன்னானாம்: "அடுத்த தடவ செட்டைய நான் பார்க்கிறேன் அத்தா."

அவர்கள் இந்த வாரம் மீண்டும் கடலுக்குப் போகிறார்கள். அவர்களுக்காகவும் நமக்காகவும் துஆச் செய்வோம்.

யா அல்லாஹ்! நீ ஹலாலாக்கியதைக் கொண்டு எங்களுக்குப் போதுமாக்குவாயாக! கைக்கெட்டிய ஹராமிலிருந்து எங்கள் கைகளைத் தடுப்பாயாக! மனிதர் எவரும் பார்க்காத இடத்தில் உன்னை அஞ்சும் உள்ளத்தைத் தருவாயாக! எங்கள் பிள்ளைகள் எங்களிடம் உண்மையைத் தவிர வேறு எதையும் கற்காதிருக்கச் செய்வாயாக! நாங்கள் செய்த தந்திரங்களையும், எழுதிய பொய்களையும், தெரிந்தும் பேசாமல் இருந்த மௌனங்களையும் மன்னிப்பாயாக! கடலில் இருப்பவர்களைப் பத்திரமாகக் கரை சேர்ப்பாயாக! உன் ஆறுகளையும் கடல்களையும் அவற்றில் வாழும் உன் படைப்புகளையும் எங்கள் கைகளின் தீங்கிலிருந்து காப்பாயாக!

ஆமீன். ஆமீன். யா ரப்பல் ஆலமீன்.